ஆயர் மாண்டர்ஸ் கேளாத பாவ அறிக்கை
இப்ஸனின் ‘பேய்கள்’ நாடகமும் பால்வினை நோயச்சமும்

நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்ஸன் 1881ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட ‘பேய்கள்’ என்னும் மூன்றங்க நாடகம் கிறிஸ்தவ வாசகரிடையே இருவகையாகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஒரு சாரார் அதனைக் கையால் தொடவும் ஆகாததென ஒதுக்கினர். 1891 மார்ச் மாதத்தில் அது இலண்டனில் அரங்கேறியபோது அந்நகரத்து நாளேடுகள் அதனைச் சாக்கடைக்கும் கட்டவிழ்ந்த புண்ணுக்கும் ஒப்பிட்டு எழுதின. அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் ஆர்ச்சர் அவ்வசைகளையெல்லாம் திரட்டி ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். மற்றொரு சாராரோ அதனைப் பிரசங்கத்திற்குரிய எடுத்துக்காட்டாக மாற்றிக்கொண்டனர். தகப்பனின் ஒழுக்கக்கேடு மகனுடைய மூளையைத் தின்றது, யாத்திராகமம் 20:5 மெய்யாயிற்று, வாலிபரே, எச்சரிக்கை! இவ்வளவோடு அவர்தம் விளக்கம் முடிந்துவிடும்.

இவ்விரு சாராரும் நாடகத்தின் நடுவிலுள்ள ஒன்றைக் காணத் தவறினர் என்பது நம் கருத்து. பால்வினை நோய் தன்னைப் பற்றிக்கொண்டதென்னும் அச்சத்தால் அலைக்கழியும் மனிதன் ஒருவன், தன் உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு செவியைத் தேடுகிறான். வீட்டில் ஓர் ஆயர் இருக்கிறார். அவரிடம் அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கும்போதுதான் இந்நாடகம் நம் பணிக்குரிய நூலாகிறது.

கதையைச் சுருங்கச் சொல்வோம். நார்வேயின் மேற்குக் கடலோரத்தில், மழை ஓயாத ஒரு கடற்கழியின் கரையில் ஆல்விங் அம்மையாரின் மாளிகை உள்ளது. கணவர் காப்டன் ஆல்விங் மறைந்து பத்தாண்டு நிறைவதையொட்டி அவர் பெயரால் ஓர் அநாதை இல்லம் திறக்கப்படவிருக்கிறது. அவ்விழாவுக்கென ஆயர் மாண்டர்ஸ் வந்துள்ளார். ஓவியனாகிய மகன் ஆஸ்வால்ட் பாரிஸிலிருந்து திரும்பியுள்ளான். ஊரார் போற்றும் காப்டன் உண்மையில் குடியிலும் ஒழுக்கக்கேட்டிலும் அழிந்தவர். மணமான முதலாண்டிலேயே வீட்டைவிட்டு ஓடிவந்து அடைக்கலம் கேட்ட அம்மையாரைக் கடமையைச் சுட்டிக்காட்டித் திருப்பியனுப்பியவர் இதே மாண்டர்ஸ். அம்மையாரும் கணவரின் நற்பெயரைக் காக்கப் பொய்க்கு மேல் பொய்யை அடுக்கி, மகனை ஏழு வயதிலேயே வெளியூருக்கு அனுப்பி, தந்தையைப் பற்றிப் புகழ்ச்சியே நிறைந்த கடிதங்களை அவனுக்கு எழுதிவந்தார்.

நாடகத்தின் நார்வேஜியப் பெயருக்கு ‘திரும்ப வந்து நடமாடுவோர்’ என்பதே நேர்ப்பொருள். ஆங்கிலப் பெயரை இப்ஸன் விரும்பவில்லை. நம் மொழியில் ‘ஆவிகள்’ என்று மொழிபெயர்த்தால் திருச்சபை வாசகர் வேறொன்றை நினைப்பர். ஆகவே ‘பேய்கள்’ என்றே வழங்குகிறோம். ஆயினும் திரும்ப வருதல் என்னும் பொருளை மனத்தில் இருத்துவது நலம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இரண்டாம் அங்கத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். எங்ஸ்ட்ராண்ட் என்னும் தச்சன், பக்தி வேடம் பூண்டவன், அநாதை இல்லத்தில் வேலையாட்களுக்காக ஒரு ஜெபக்கூட்டம் நடத்தித் தரவேண்டுமென ஆயரை அழைக்கிறான். ஆயர் மனமகிழ்ந்து போகிறார். அவர் ஜெபம் நடத்தப் போயிருக்கும் அந்த இடைவேளையில்தான் ஆஸ்வால்ட் தாயின் அருகில் அமர்ந்து தன் நோயைச் சொல்லத் தொடங்குகிறான். இதனை இப்ஸன் தற்செயலாக அமைத்தாரென்று நாம் எண்ணவில்லை. முதலங்கத்திலேயே ஆஸ்வால்ட் ஆயரோடு ஒருமுறை மனந்திறந்து பேச முயன்றதுண்டு. பாரிஸில் மணச்சடங்குக்குப் பணமில்லாமல் சேர்ந்து வாழும் ஏழைக் கலைஞர்களின் இல்லங்களைப் பற்றி அவன் சொல்லத் தொடங்கியதும் ஆயர் பதறினார், கண்டித்தார், அரசு இதனை எப்படிப் பொறுக்கிறது என்று வியந்தார். அப்போதே அவன் தெரிந்துகொண்டான், இவரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதை. நாடகம் முடியும்வரை மாண்டர்ஸ் அவனுடைய நோயை அறிவதேயில்லை. மூன்றாம் அங்கத்தில் உண்மை வெளிப்படுமுன்பே அவர் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

ஆஸ்வால்டின் அறிக்கையில் நோயும் குற்றவுணர்வும் எவ்வாறு பின்னிக்கிடக்கின்றன என்பதைப் பாருங்கள். சிறுவயதிலிருந்தே தலைவலி இருந்தது. பின்பு அது தன்மை மாறிற்று. தூரிகை பிடிக்க முடியாமற்போயிற்று. பாரிஸில் ஒரு மருத்துவரிடம் காட்டினான். அவர் பிறப்பிலிருந்தே அவனுள் ஏதோ செல்லரித்துள்ளது எனச் சொல்லி, தகப்பன்மாரின் பாவத்தைச் சுட்டும் வேதவசனத்தையும் எடுத்துக்காட்டினார். அவனுக்குக் கோபம் வந்தது. தாய் எழுதிய கடிதங்களை எடுத்து, தந்தை எத்துணை உத்தமர் என்பதைக் காட்டினான். மருத்துவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அப்படியானால் காரணம் அவனே. தோழரோடு களித்திருந்த வாழ்வை அவன் உடல் தாங்கவில்லை. அன்றுமுதல் அவன் தன்னையே சபித்துக்கொண்டு திரிகிறான். வாழ்வை மீண்டும் தொடங்க முடியுமானால், செய்ததைச் செய்யாததாக்க முடியுமானால் என்று புலம்புகிறான்.

இவ்விடத்தில் மூவர் தவறுகின்றனர். மருத்துவர் ஆயரின் வேலையைக் கையிலெடுக்கிறார். அதாவது நோயைச் சொல்லவேண்டிய இடத்தில் தீர்ப்பைச் சொல்கிறார். தாய் குடும்பத்தின் பெயரைக் காத்ததால் மகனுடைய மனச்சாட்சி பொய்யின்மீது நிற்கிறது. ஆயரோ அங்கேயே இல்லை.

மருத்துவ நோக்கில் இப்ஸன் தம் காலத்துக் கருத்தையே பின்பற்றினார். கிரந்தி என்றும் மேகநோய் என்றும் நம் முன்னோர் அழைத்த சிபிலிஸ், தாயைத் தொடாமலே தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடும் என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவரில் பலர் நம்பினர். நோயுற்ற குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்குப் புண் வருவதில்லை என 1837இல் டப்ளின் மருத்துவர் ஏபிரகாம் காலிஸ் எழுதியதை, தாய் நோயற்றவள் என்பதற்குச் சான்றாக அவர்கள் கொண்டனர். 1905இல் பெர்லினில் ஷவுடினும் ஹோஃப்மனும் நோய்க்கிருமியைக் கண்டனர். அடுத்த ஆண்டு வாஸர்மனின் இரத்தச் சோதனை வந்தது. அத்தாய்மாரும் நோயுற்றோரே என்பது அதன்பின் தெளிவாயிற்று. ஆகவே ஆஸ்வால்ட் பிறவியிலேயே நோயுற்றவனாயின், மேடையில் நலமாக நடமாடும் ஆல்விங் அம்மையாரும் அதனை மறைவாகச் சுமந்தவரே. இப்ஸன் இதனை அறியார். கடமை கருதித் திரும்பிப் போகச் சொன்ன ஆயரின் அறிவுரை அப்பெண்ணின் இரத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதை இன்றைய வாசகர் மட்டுமே அறிய முடியும். நாடகாசிரியர் தாமே நினைத்ததைவிடக் கொடிய கதையை எழுதிவிட்டார். சிபிலிஸ் என்னும் சொல் மட்டும் நாடகத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை.

நாம் பெரிதும் மதிப்பது மூன்றாம் அங்கத்தின் ஒரு திருப்பத்தை. அநாதை இல்லம் தீயில் வெந்தபின், ஆல்விங் அம்மையார் துணிந்து மகனிடம் தகப்பனின் வாழ்வைப் பற்றிய உண்மையைச் சொல்கிறார். நோக்கம் தெளிவு: அவன் சுமக்கும் குற்றச்சுமையை இறக்கிவைப்பது. அது நடக்கவும் செய்கிறது. நோய்க்குத் தான் காரணனல்லன் என்று ஆஸ்வால்ட் அறிகிறான். தாயும் இனி எல்லாம் நலமாகும் என்று நம்புகிறார். ஆனால் மகன் கூறும் மறுமொழி வேறு. குற்றவுணர்வு போயிற்று, அச்சம் போகவில்லை, அதனை யார் எடுத்துப்போடுவார் என்பதே அவன் கேள்வி. அடுத்த தாக்குதல் வந்தால் மதியிழந்து, பால்மணம் மாறாக் குழந்தையைப்போல் கிடக்கவேண்டுமே என்னும் திகில் அவனைப் பற்றியிருக்கிறது. சட்டைப்பையில் சேர்த்துவைத்த மார்பின் தூளை அவன் தாயிடம் காட்டுவது அதன்பின்புதான்.

குற்றவுணர்வும் அச்சமும் இரு வேறு சுமைகள். ஒன்றை இறக்கினால் மற்றொன்று தானே இறங்குவதில்லை. இறையியலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தவர் பால் தில்லிக். யேல் பல்கலைக்கழகத்தில் 1950இல் ஆற்றி, 1952இல் ‘இருப்பதற்கான துணிவு’ என்னும் பொருள்படும் பெயரில் நூலாக்கிய சொற்பொழிவுகளில், மனிதனின் பதைப்பை அவர் மூன்றாகப் பிரித்தார்: ஊழும் மரணமும் பற்றியது, குற்றமும் தண்டனைத் தீர்ப்பும் பற்றியது, வெறுமையும் பொருளின்மையும் பற்றியது. பால்வினை நோயச்சத்தின் தனித்தன்மை என்னவெனில், முதலிரண்டும் அதில் ஒரே ஆடையை உடுத்து வருகின்றன. இதய நோய்க்கு அஞ்சுகிறவன் சாவுக்கு அஞ்சுகிறான். மேகநோய்க்கு அஞ்சுகிறவன் சாவுக்கும் தீர்ப்புக்கும் சேர்த்து அஞ்சுகிறான்; தன் உடலே தனக்கெதிராகச் சாட்சி சொல்லும் என்று எதிர்பார்க்கிறான். தில்லிக் அதே நூலில் பிணித்தன்மையுடைய பதைப்பை வேறுபடுத்தி, மருத்துவரும் போதகரும் ஒருவர் இடத்தை மற்றவர் பிடித்துக்கொள்ளாமல் இணைந்து பணிசெய்வது பற்றியும் எழுதினார். அப்பகுதியை நம் மாணவர் மூன்றாம் ஆண்டில் அவசரமாகத் தாண்டிவிடுகின்றனர்.

இவ்வளவும் பாராட்டியபின் நாடகத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்வால்டின் அச்சத்தை இப்ஸன் மெய்யாக்கிவிட்டார். இறுதியில் சூரியன் உதிக்கும்போது அவன் மதியிழந்து சூரியனையே கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறான். அவன் அஞ்சியது அஞ்சியபடியே நிகழ்ந்துவிடுகிறது. அவலநாடகத்திற்கு அது தேவையாயிருக்கலாம். ஆனால் நம் வாசலுக்கு வருவோரில் பெரும்பாலோர் ஆஸ்வால்டுகள் அல்லர். அவர்களுக்கு நோயில்லை, அச்சமே நோய். இந்நாடகத்தை அவர்கள் வாசித்தால் தம் திகிலுக்குச் சான்றாகவே கொள்வர். இருபதாண்டு கழித்து பிரெஞ்சு ஆசிரியர் யூஜீன் பிரியூ இதே நோயைப் பற்றி ‘கெட்டுப்போனவர்கள்’ என்னும் பொருள்படும் நாடகமொன்றை எழுதினார். 1901இல் பாரிஸ் தணிக்கையாளர் அதனைத் தடுத்தனர். கலையில் அது இப்ஸனுக்கு ஈடாகாது. பாதி நாடகம், பாதி மருத்துவ விரிவுரை. ஆயினும் அதன் முதலங்கத்தில் வரும் மருத்துவர், தற்கொலையை நினைக்கும் வாலிபனைத் திட்டாமல், பொய்யாகத் தேற்றாமல், நோய் இன்னது, சிகிச்சை இன்னது, இத்தனை ஆண்டு திருமணம் ஆகாது என்று நேராகப் பேசுகிறார். ஆயர் மாண்டர்ஸிடம் நாம் தேடிக் காணாத குணம் அம்மருத்துவரிடம் இருக்கிறது.

நோயில்லாதவரின் மேகநோயச்சம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் அதற்கெனத் தனிப்பெயரே வைத்திருந்தனர். நம் நாட்டிலும் வாலிபரையும் வயோதிகரையும் அன்போடு விளித்து, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று சுவரொட்டி ஒட்டும் ‘பரம்பரை’ வைத்தியர்கள் நெடுங்காலமாக விற்றுவந்தது மருந்தையன்று, இவ்வச்சத்தையே. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதன்பின் அச்சத்தின் பெயர் மாறிற்று, உருவம் மாறவில்லை. வரும் மனிதர் பெரும்பாலும் மணமான ஆண், அல்லது திருமணம் நிச்சயிக்கப்பட்ட இளைஞர். எப்போதோ ஒருமுறை தவறியிருப்பார். சிலர் தவறியிருக்கக்கூட மாட்டார், முடிதிருத்தும் கடையின் கத்தியை எண்ணி அஞ்சுவார். இரத்தச் சோதனை செய்தாயிற்று. தொற்றில்லை என்று வந்தாயிற்று. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், ஆய்வகத்தில் குப்பி மாறியிருக்குமோ? திரும்ப வந்து நடமாடுவது எது என்பதை இங்கே காண்கிறோம்.

பதைப்பு உடலில் செய்யும் வேலைகளைப் போதகர் அறிந்திருப்பது நன்று. வாய் உலர்கிறது, இரவில் வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது, பசி குன்றி எடை குறைகிறது. எச்.ஐ.வி. அறிகுறிகள் என அவர் படித்துவைத்திருக்கும் பட்டியலும் இதுவே. கழுத்தில் கட்டியிருக்கிறதா என்று நாளெல்லாம் விரலால் அழுத்திப் பார்க்கிறார், அழுத்திய இடம் நோகிறது, நோவு சான்றாகிறது. கண்ணாடி முன் நின்று நாக்கை ஆராய்கிறார். 1986இல் இங்கிலாந்தின் உளவியலர் பால் சால்கோவ்ஸ்கிஸும் ஹிலரி வார்விக்கும் இணைந்து எழுதிய ஆய்வுரை இச்சுழலை விளக்கிற்று. தேறுதல் தேடுவதே இவ்வச்சத்தை வளர்க்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. தேறுதல் கிடைத்த கணத்தில் பதைப்பு தணிகிறது. தணிந்ததால் மனம் அவ்வழியையே கற்றுக்கொள்கிறது. அடுத்த ஐயத்திற்கு மீண்டும் தேறுதல் வேண்டியிருக்கிறது. ஆறாவது சோதனை ஐந்தாவதைவிட நெடுநேரம் நிம்மதி தருவதில்லை.

நம் மேய்ப்புப் பணிக்கு இது கசப்பான செய்தி. ஏனெனில் தேறுதல் சொல்வதே நம் தொழிலென எண்ணியிருக்கிறோம். ‘ஒன்றுமில்லை தம்பி, ஜெபித்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறோம். அடுத்த வாரம் அவர் திரும்ப வருகிறார். மீண்டும் அதையே சொல்கிறோம். கண்டிப்பவர் மாண்டர்ஸ் என்றால், இவ்வாறு தேற்றுகிறவர் ஆல்விங் அம்மையார். அன்புடையவர்தாம், ஆனால் தேற்றும் சொல்லே கட்டும் கயிறாகிறது. பாவ அறிக்கையும் இவ்வாறே ஆகக்கூடும். எர்ஃபுர்ட் மடத்தில் இளம் லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் ஒன்று விட்டுப்போயிற்றோ என்று மீண்டும் ஓடிவந்ததையும், ஸ்டவ்பிட்ஸ் அவரைத் தன்னாய்விலிருந்து திருப்பிக் கிறிஸ்துவின் காயங்களை நோக்கச் செய்ததையும் நாம் திருச்சபை வரலாற்றில் கற்பிக்கிறோம். அதே லூத்தர் 1530இல் கோபுர்க் கோட்டையிலிருந்து ஹீரோனிமுஸ் வெல்லருக்கு எழுதிய கடிதத்தை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். மனச்சோர்வுற்ற அவ்வாலிபரிடம் அவர் வாதாடவில்லை. வரும் எண்ணங்களோடு வழக்காடாதே, தனிமையைத் தவிர், நண்பரோடு விளையாடு, நகைத்துப் பேசு என்கிறார். சற்றுக் கூடுதலாகக் குடிக்கவும் சொல்கிறார். (கடைசி அறிவுரையை நம் திருச்சபைகளில் வாசித்தால் என்ன ஆகும் என்பதை வாசகரின் கற்பனைக்கே விடுகிறோம்.) எண்ணத்தோடு வழக்காடாமையே மருந்தென்று இன்றைய சிகிச்சை முறை கண்டதை அவர் தம் அனுபவத்தால் கண்டிருந்தார்.

வேறொரு தீங்கையும் சுட்டவேண்டும். அச்சமுற்றவர் இரத்தச் சோதனையை மருத்துவச் சோதனையாகக் கருதுவதில்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்துக் கசப்பான தண்ணீராகக் கருதுகிறார். தொற்றில்லை என்று வந்தால் கடவுள் மன்னித்தார். இருக்கிறதென்று வந்தால் தள்ளிவிட்டார். திருமணத்திற்குமுன் எச்.ஐ.வி. சான்றிதழ் கேட்கும் சபைகள் தாம் அறியாமலே இவ்வெண்ணத்திற்கு முத்திரையிடுகின்றன. அறிந்து தரும் ஒப்புதலின்றிச் சோதனை செய்வதையும், சோதனை முடிவைப் பிறருக்கு வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதையும் அச்சபைகளின் குழுக்கள் அறிந்திருக்க வேண்டும். இதைவிட முக்கியமானது இறையியல் பிழை. ஆய்வகத்துத் தாள் இரத்தத்தைப் பற்றி மட்டுமே பேசும். மன்னிப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தொற்றில்லாத மனிதன் மன்னிக்கப்படாதவனாக இருக்கலாம். தொற்றுள்ளவன் முற்றும் மன்னிக்கப்பட்டவனாக இருக்கலாம். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் இயேசு திமிர்வாதக்காரனிடம் இரு சொற்களைச் சொல்கிறார். பாவமன்னிப்பு முதலில்; எழுந்து நடக்கும் கட்டளை பின்பு. மன்னிப்பைப் பெறும்போது அம்மனிதன் இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறான். இவ்விடைவெளியை நம் பிரசங்கங்கள் அழித்துவிடுகின்றன.

யாத்திராகமம் 20:5ஐ ஆஸ்வால்டின் மருத்துவர் எடுத்தாண்டதுபோல் எடுத்தாளும் போதகர், எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தையும் யோவான் 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் அதே மேடையில் வாசிக்கக் கடமைப்பட்டவர். பிறவிக்குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர் கேட்டது, பாரிஸ் மருத்துவர் எழுப்பிய அதே ஐயமே. மருத்துவர் முதலில் பெற்றோர் என்றார். பின்பு இவனே என்றார். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார்.

இனி, வருகிறவரிடம் ஆயர் என்ன செய்வார்? முதலில் இரு கேள்விகளையும் பிரிப்பார். உடலைப் பற்றிய கேள்விக்குரிய இடம் மருத்துவமனை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் மறைவாகவும் ஆலோசனை தந்து சோதிக்கும் இடங்களுக்கு ‘நம்பிக்கை மையம்’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். நாம் விட்டுவிட்ட சொல்லை அரசு எடுத்துக்கொண்டது போலும். உரிய காலத்தில் ஒருமுறை சோதித்தால் போதும். ஆய்வகத்து நான்காம் தலைமுறைச் சோதனை பெரும்பாலான எச்.ஐ.வி. தொற்றுகளை 45 நாளுக்குள் காட்டிவிடுகிறது. விரைவுச் சோதனைக்கு 90 நாள். சம்பவம் நேற்று நடந்ததாயின் ஆறுதல் பேசிக்கொண்டிராமல் உடனே அனுப்பவேண்டும்; 72 மணி நேரத்திற்குள் தொடங்கும் தடுப்பு மருந்துண்டு. தொற்றிருப்பினும் ஆஸ்வால்டின் காலம் கடந்துவிட்டது. 1943இல் சிபிலிஸுக்குப் பென்சிலின் கொடுக்கப்பட்டது. இன்று தொடக்கநிலைச் சிபிலிஸுக்கு ஒரு தவணை ஊசி போதும். எச்.ஐ.வி. தொற்றுடையோர் நாள்தோறும் மருந்துண்டு நெடுங்காலம் வாழ்கின்றனர். கிருமி இரத்தத்தில் கண்டறிய இயலாத அளவுக்கு ஒடுங்கி அவ்வாறே நிலைத்தவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவுவதில்லை.

மனைவியின் பாதுகாப்பு இதில் அடங்கும். மெய்யான ஆபத்திருக்கும்போது கணவரின் நற்பெயரைக் காப்பது ஆல்விங் வீட்டு வழி. சோதனை முடியும்வரை மனைவியைக் காக்கும் கடமையை அவருக்குச் சொல்லவேண்டும். அவரே மனைவியிடம் பேசத் துணைநிற்கவேண்டும். ஆனால் தொற்றில்லை என்று உறுதியானபின்னும், சிறு ஐயம் எழும்போதெல்லாம் மனைவியிடம் ஒப்புவித்துத் தேறுதல் கேட்பது ஒப்புரவாகாது. அதுவும் சுழலின் ஒரு பகுதியே.

உரிய காலத்துச் சோதனைக்குப் பின்னும் அச்சம் நீங்காவிடில், அது இனி மேகநோயைப் பற்றியதன்று. நோய்ப்பதைப்பு என்று மனநல மருத்துவர் அறிந்த நிலை அது. அதற்குச் சிகிச்சை உண்டு. பிரிட்டனில் பால்வினை நோய் மருத்துவமனை ஒன்றுக்கு வந்தோரில் இவ்வச்சமுடைய 49 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் சில அமர்வுகள் அவர்களுக்குப் பயனளித்தன. பீட்டர் டைரர் தலைமையில் 444 நோயாளரைக் கொண்டு நடந்து, 2014இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வும் அம்முறையையே உறுதிசெய்தது. ஆகவே ‘விசுவாசக் குறைவு’ என்று சொல்லி அனுப்புவது, முறிந்த காலை விசுவாசக் குறைவு என்பதற்கு ஒப்பாகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கவும் ஆயர் கூசக்கூடாது. ஆஸ்வால்டின் சட்டைப்பையில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்கவில்லை.

சிகிச்சை நடக்கும் காலத்தில் ஆயருக்கு வேலையில்லை என்று பொருளன்று. குற்றத்தைப் பற்றிய கேள்வி நம்முடையது. அதனை மருத்துவரிடம் தள்ளிவிட முடியாது. தவறு நடந்திருந்தால் அதற்குத் தவறென்றே பெயர். அறிக்கையைக் கேட்டு, மன்னிப்பை ஒருமுறை தெளிவாக அறிவிக்கவேண்டும். பின்பு அவர் அதே பாவத்தை அதே சொற்களில் திரும்பக் கொண்டுவரும்போது மறுபடி அறிவியாமல், முன்பு அறிவிக்கப்பட்டதை நினைவூட்டி, வேறு பேச்சுக்கு அழைத்துச் செல்லவேண்டும். 1 யோவான் 3:20இல் நம் இருதயத்தைவிடப் பெரியவர் என்று கடவுள் சொல்லப்படுவது, இருதயம் குற்றப்படுத்துவதை நிறுத்தியபின் அன்று, குற்றப்படுத்திக்கொண்டிருக்கும்போதே. நிச்சயம் இல்லாமலே வாழப் பழகுவதும் விசுவாசத்தின் ஒரு வடிவம் என்பதை இவர்களிடமிருந்தே நாம் கற்கவேண்டியிருக்கிறது. நூறு விழுக்காடு உறுதியை எந்த ஆய்வகமும் எந்தப் பிரசங்கமும் தராது.

இந்நாடகத்தை மேய்ப்புப்பணி வகுப்பில் வாசிப்போருக்கு ஒரு யோசனை. இரண்டாம் அங்கத்தின் முடிவில், தாய் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில், மாண்டர்ஸ் ஜெபக்கூட்டத்திலிருந்து மனநிறைவோடு திரும்பி வருகிறார். ஆஸ்வால்ட் மதுக்கோப்பையோடும் பணிப்பெண் ரெகீனாவோடும் அமர்ந்திருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார். வாசிப்பை அவ்விடத்தில் நிறுத்திவிட்டு, அறைக்குள் நுழையும் ஆயர் அடுத்துச் சொல்லவேண்டிய சொல் யாது என்று மாணவர் ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லலாம். இப்ஸன் எழுதிய மறுமொழியை அதன்பின் வாசித்தால் போதும்.